தரையில் ஒட்டிய கோயில்

எனக்கு அவரைப் பிடிக்காது. இதை முதலே சொல்லிவிட்டால் எழுதுவதற்குச் சுகம். அவரைப் பிடித்தவர்கள் மொன்றியலில் நிறையப் பேர். அவர் செத்தபோது அவர்கள் போட்ட நினைவு மலரையும் வாசித்தேன். அதில் இருந்தது ஒன்றும் பொய்யில்லை. நேரம் தவறாதவர், பிள்ளைகளுக்காக உழைத்தவர், கோபம் வராதவர் என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனாலும் எனக்கு அவரைப் பிடிக்காது.

வாத்தியார் என்பதால் நாங்கள் அவரைச் சேர் என்றுதான் கூப்பிட்டோம். உயரமான, ஒல்லியான மனிதர். எந்தக் குளிரிலும் காதை மூடமாட்டார். ஜனவரி மாதத்தில் அவருடைய இரண்டு காதும் பழுத்த மிளகாய் போல இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பென்சில் வைத்திருப்பார். பாடத்திட்டத்தைப் பேனையால் எழுதக்கூடாது, பென்சிலால்தான் எழுதவேண்டும், அப்போதுதான் அழித்துத் திருத்தலாம் என்பார். அவர் எதையும் அழித்து நான் கண்டதில்லை.

தமிழ்நாட்டுக்காரர். நாங்கள் சண்டைக்குத் தப்பி வந்து சேர்வதற்குப் பல வருஷம் முன்னரே வந்து, பியர்பொன்ட்ஸில் வீடு வாங்கி, ஒரு ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குச் சமயமும் ஒழுக்கமும் படிப்பித்தார். சமூகவியல் என்று இன்னொன்றும் படிப்பித்தார். அது என்ன படிப்பு என்று என் மகள் சுபாவிடம் கேட்டேன். "ஆக்கள் ஏன் கூட்டம் கூட்டமா இருக்கினம், அதில ஆர் மேல, ஆர் கீழ எண்டு பாக்கிறது, அப்பா" என்றாள். அதற்குப் பள்ளிக்கூடம் போகவேண்டுமா என்று நினைத்தேன். வாய் திறந்து கேட்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கேட்டுப் பழக்கமில்லை.

சனிக்கிழமைகளில் ரொக்ஸ்பரோவில் ஒரு சேர்ச்சின் நிலக்கீழ் மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்கு அவர் வகுப்பு வைத்தார். ஒரு மணித்தியாலம் சமயம், ஒரு மணித்தியாலம் சமூகவியல். இங்கே செய்து பார்த்துச் சரிவந்ததைப் பிறகு தன்னுடைய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோவார். எங்கள் பிள்ளைகள் அவருக்கு வெள்ளோட்டம். அது எங்களுக்கு அப்போது விளங்கவில்லை. படித்த மனிதர் ஒருவர் சும்மா வந்து படிப்பிக்கிறாரே என்று கும்பிட்டோம். சுபா பார்க் எக்ஸ்டென்ஷனில் இருந்து கோட்-வெர்ச்சுவரை மெற்றோவில் போய், அங்கிருந்து பஸ் பிடித்துப் போவாள். ஒரு சனிக்கிழமையும் தவறவிடமாட்டாள்.

அவரிடம் எல்லாவற்றுக்கும் மூன்று பகுதி இருக்கும்: நோக்கம், செயல்பாடு, முடிவு. எதைப் பார்த்தாலும் அந்த மூன்றாக வெட்டிவிடுவார். "உந்த மனுசன் பல்லுத் தீட்டேக்கையும் நோக்கம் எழுதிப்போட்டுத்தான் தீட்டும்" என்று என் மனைவி சொல்வாள். சுபாவுக்குக் கோபம் வரும். "சேரைப் பகிடி பண்ணாதேங்கோ அம்மா!"

முதல் முறை அவர் என்னை மூன்றாக வெட்டியது ஜான்-டலோன் சந்தையில். நான் அங்கே ஒரு இத்தாலியரின் மரக்கறிக் கடையில் வேலை செய்தேன். வெண்டிக்காய் வாங்க வந்த சேர், நான் தக்காளி பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல பழம் முன்னுக்கு, நடுத்தரம் கீழே, அடிபட்டது சோஸ் காய்ச்சுகிறவர்களுக்கு என்று வேறு பெட்டியில்.

"எது மேல போகணும்னு யார் முடிவு பண்றது?" என்று கேட்டார்.

"நான்தான், சேர்."

"எப்படித் தெரியும்?"

"பாத்தால் தெரியும்."

"பார்த்தா தெரியும்!" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் பென்சிலை எடுத்தார். வெண்டிக்காயை மறந்து போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சுபா சிரித்துக்கொண்டு வந்தாள். சேர் வகுப்பில் பிள்ளைகளையே தக்காளியாக்கி வரிசையில் நிறுத்தினாராம். முன் வரிசை, கீழ் வரிசை, சோஸ் பெட்டி. பிரிக்கிற ஆள் என்று ஒருவனுக்கு என் பெயரை வைத்தாராம். "என்னைச் சோஸுக்குப் போட்டுட்டினம் அப்பா!" என்றாள். நானும் சிரித்தேன். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என் பெயர் ஒரு வகுப்பில் சொல்லப்பட்டது அதுதான் முதல் தடவை. அது எதற்காகச் சொல்லப்பட்டது என்று யோசிக்கவில்லை.

பிறகு ஒரு செத்தவீடு. எங்கள் கட்டடத்தில் இருந்த ஒருவர் திடீரென்று போய்விட்டார். சின்ன வயது. உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் எல்லாரும் நின்றோம். பின்னால் பார்த்தால் சேர், சனிக்கிழமை வகுப்பையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஐயர் திருப்பொற்சுண்ணம் பாடி உரலில் சுண்ணம் இடிக்கத் தொடங்கினார். பெண்சாதிக்காரி நிலத்தில் கிடந்து குழறினாள். சேர் குனிந்து பிள்ளைகளின் காதில், "உலக்கையைப் பாருங்க, பாட்டைக் கவனிங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய மெதுவான குரலும் வகுப்பறைக் குரல்தான். மண்டபத்தின் கடைசிச் சுவர்வரை கேட்கும்.

செத்தவரின் மைத்துனர் எழுந்து வந்தார். கண் சிவந்திருந்தது. "சேர், குறை நினையாதேங்கோ. பிள்ளையளைக் கொஞ்சம் வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ."

"நிச்சயமா, நிச்சயமா" என்றார் சேர். "வாய்க்கரிசி மட்டும் பாத்துட்டுப் போயிடறோம்."

அந்த மனிதர் என்ன செய்வார்? தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். சேர் கெட்டது ஒன்றும் செய்யவில்லையே. படிப்பித்தார், அவ்வளவுதான்.

நியாயமாகச் சொல்லவேண்டிய ஒன்றும் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பனிப்புயல் வந்து பஸ்கள் நின்றுவிட்டன. சேர் தன்னுடைய வான் வண்டியில் பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றி, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய் இறக்கினார். எங்கள் வீதிக்கு வந்தபோது இருட்டிவிட்டது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று நான் கீழே ஓடினேன். "இல்லைங்க, வண்டியில இன்னும் பசங்க இருக்காங்க" என்றார். கண்ணாடியில் பனியைக் கையாலேயே துடைத்தார். கையுறை இல்லை. காது இரண்டும் சிவந்து கிடந்தன. அந்தப் பியர்பொன்ட்ஸ் மனிதர் பார்க் எக்ஸ்டென்ஷனின் சறுக்குகிற ஒழுங்கைகளில் வானைத் திருப்பித் திருப்பிப் போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை நான் மறுக்கமாட்டேன். அவரை முழுதாக வெறுக்க அது இன்றைக்கும் விடுவதில்லை.

இனிக் கோயில் பாடத்துக்கு வருகிறேன்.

அது, விளக்குக் கம்பமெல்லாம் பிரெஞ்சில் உய், நொன், அதாவது ஆம், இல்லை என்று அட்டை தொங்கிய இலையுதிர்காலம். நாட்டிலிருந்து இந்த மாகாணம் பிரிவதா வேண்டாமா என்று இந்த ஊர்க்காரர் தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக் குசினியில் சுபா வேறொன்று கேட்டாள்.

"அப்பா, எங்கட ஊர்க் கோயில்த் திருவிழாவில எங்கட பகுதிக்கு எத்தினையாவது திருவிழா?"

எங்கள் ஊர்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோயிலில் கொடி ஏறினால் ஒவ்வொரு நாள் திருவிழாவும் ஒவ்வொரு பகுதியாருக்கு உரியது. இன்ன பகுதிக்கு மூன்றாம் திருவிழா, இன்ன பகுதிக்குச் சப்பறம், இன்னாருக்குத் தேர். தலைமுறையாக வருவது. ஒருவனிடம் நீ என்ன ஆள் என்று கேட்கத் தேவையில்லை. எத்தனையாம் திருவிழா என்று கேட்டால் போதும். சேருக்கு இதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவருடைய ஊரிலும் மண்டகப்படி என்று இதே முறை இருக்கிறதாம். சமயத்தையும் சமூகவியலையும் ஒரே பாடத்தில் வைக்க வழி கிடைத்துவிட்டது. மண்டபத்துத் தரையில் ரேப் நாடா ஒட்டிக் கோயில்படம் கீறி, ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் குடும்பம் நின்ற இடத்தில் நிறுத்தப்போகிறார். பெற்றோரும் வந்து பார்க்கவேண்டும். அதற்குத்தான் பிள்ளைகள் வீட்டில் கேட்டுக்கொண்டு வரவேண்டும்.

எங்களுக்குத் திருவிழா இல்லை. எங்கள் ஆட்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள்.

சுபாவுக்கு இது தெரியாது. அவளுக்கு ஏழு வயதில் இங்கே வந்தோம். நானும் மனைவியும் அதைப்பற்றி உட்கார்ந்து பேசித் தீர்மானிக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே தீர்மானத்தில்தான் இருந்தோம். இந்த ஒன்று மட்டும் கடல் தாண்டி அவளிடம் வரக்கூடாது. அவள் யாருடைய வீட்டிலும் எந்தக் கதிரையிலும் யோசிக்காமல் உட்காரவேண்டும். தண்ணீர் கேட்டால் என்ன பாத்திரத்தில் வருகிறது என்று பார்க்கத் தெரியாதவளாக வளரவேண்டும். அப்படித்தான் வளர்ந்திருந்தாள். நான் இந்த நாட்டில் செய்த ஒரே பெரிய காரியம் அது.

"கேட்டுச் சொல்லுறன்" என்றேன்.

சுபா அறைக்குப் போனபின் மனைவி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "பத்தாம் திருவிழா எண்டு எழுதச் சொல்லுங்கோ. ஆர் போய்ப் பாக்கப்போறான்?"

"பத்தாம் திருவிழா பரமேஸ் அக்கா ஆக்களின்ர." பரமேஸ் அக்கா எங்களுக்குப் பக்கத்து ஊர், கோயில் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். அவளுடைய மகனும் அந்த வகுப்பில்தான். எல்லாருடைய வேரையும் தோண்டி வைத்திருக்கிறவள்.

"அப்ப தீர்த்தத் திருவிழா எண்டு எழுதட்டும். தண்ணிக்குள்ள ஆர் அடையாளம் பாக்கிறது?"

சிரிப்பு வந்தது. ஆனால் பொய் சொன்னால் பரமேஸ் அக்கா பிடித்துவிடுவாள். உண்மை சொன்னால் சுபாவுக்குத் தெரிந்துவிடும். பிள்ளையை அனுப்பாமல் விட்டால் ஏன் வரவில்லை என்று கேள்வி வரும். சேரிடம் நேரே போய்க் கேட்பது ஒன்றுதான் மிஞ்சியது. நான் ஒருவரிடமும் போய் ஒன்றும் கேட்கிறவன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் மாறி மாறிப் பியர்பொன்ட்ஸுக்குப் போனேன்.

"வாங்க சுபா அப்பா, வாங்க! உக்காருங்க. காபி?"

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அவர்களுடைய ஊர் வழக்கம் அது. பெற்றோரைப் பிள்ளையின் பெயரால்தான் கூப்பிடுவார்கள். சாப்பாட்டு மேசை முழுக்கக் கோயிலின் படம் விரிந்து கிடந்தது. நான் கதிரையின் நுனியில் இருந்தேன்.

"சேர், இந்தப் பாடத்தில சுபாவை விட்டிடுங்கோ."

"ஏன், எங்கயாவது போறீங்களா?"

"இல்லை."

"பின்ன? ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு இடம் வச்சிருக்கேன்."

"அவள் வேற ஏதும் செய்யட்டும், சேர். ஆக்களுக்குத் தேத்தண்ணி குடுக்கட்டும்."

சிரித்தார். "டீ குடுக்கறதுல என்ன நோக்கம் இருக்கு? காரணம் சொல்லுங்க. காரணம் இல்லாம நான் எதையும் மாத்தறதில்ல."

காரணத்தை உண்டாக்கவும் எனக்குத் தெரியவில்லை.

"எங்களுக்குத் திருவிழா இல்லை, சேர். நாங்கள் உள்ளுக்குப் போறேல்லை."

இதைக் கேட்கிற மனிதர்களின் முகத்தை நான் அறிவேன். சிலர் இறுகுவார்கள். நல்லவர்கள் வெட்கப்படுவார்கள். சேரின் முகத்தில் வெளிச்சம் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வெளிச்சம். பென்சில் எடுத்தார்.

"இருங்க, இருங்க. உள்ளே போறதில்லன்னா எங்க? வெளிவீதியிலயா, அதுக்கும் வெளியிலயா?"

"அதுக்கும் வெளியில. வேப்பமரத்தடியில."

"அங்கேருந்து சாமி தெரியுமா?"

"விளக்குத் தெரியும்."

"தேர் அன்னிக்கு வடம் தொடலாமா?"

"இல்லை."

"அர்ச்சனைக்கு?"

"தேங்காயைக் குடுத்துவிடுவம். ஆராவது உள்ளுக்குக் கொண்டுபோவினம்."

"திரும்பி வருமா?"

"சில நேரம் வரும்."

ஏன் இதற்கெல்லாம் பதில் சொன்னேன் என்று பிறகு மனைவி கேட்டாள். அவர் மரியாதையாகக் கேட்டார். தலையைச் சரித்து, ஒரு சொல்லும் சிந்தாமல் கேட்டார். என் வாழ்க்கையில் இதை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லவேண்டும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நான் இருந்த கொஞ்ச வருஷத்திலும் பழக்கியிருந்தார்கள்.

"சுபா அப்பா, இந்தப் பாடத்துல ஏதோ குறையுதுன்னு ரொம்ப நாளா பாத்துட்டே இருக்கேன். இப்பதான் புரியுது. வெளியில நிக்க ஆளில்ல!"

"அவள் நிக்கமாட்டாள், சேர். அவளுக்கே தெரியாது."

"தெரியாதா?" பாடம் தவறவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "அவ்வளவு பெரிய பொண்ணு. தன்னோட சரித்திரம் தெரியாம இருக்கலாமா?"

"நான் சொல்லுவன். பேந்து."

"எப்போ?"

அவர் பென்சிலை மேசையில் இரண்டு தரம் தட்டினார்.

"சரி. அவளை வெளியில நிறுத்த மாட்டேன். அவ பேரையும் எடுக்க மாட்டேன். போதுமா?"

"போதும், சேர்" என்றேன். வாசல்வரை வந்து வழியனுப்பினார். மழை தூறியது, குடை தரட்டுமா என்று கேட்டார்.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் போனோம். மண்டபத் தரையில் நீல ரேப்பால் கோயில் ஒட்டியிருந்தது. மூலஸ்தானம், மண்டபம், உள்வீதி, வெளிவீதி, வாசல் எல்லாம் கோடு பிசகாமல் இருந்தது. பெற்றோர் சுவரோரம் கதிரைகளில் இருந்தார்கள். எங்கள் சப்பாத்துகளிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சேர் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு நிறுத்தினார். பரமேஸ் அக்காவின் மகன் பத்தாம் திருவிழாவில் போய் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான். எல்லாரும் கைதட்டினார்கள்.

சுபாவை மூலஸ்தானத்தில் நிறுத்தினார். கையில் கடதாசியால் செய்த தீபம். சாமிக்கு வெளிச்சம் காட்டுகிறவள் அவள். வாக்கைக் காப்பாற்றியது மட்டுமில்லாமல் ஒரு படி மேலேயும் போய்விட்டார் என்று அவர் நினைத்திருப்பார். சுபா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மனைவி என் காதில் சொன்னாள். "பாத்தீங்களே, மனுசன் சொன்னபடி செய்யுது. நீங்கள்தான் சும்மா பயந்தனீங்கள்."

"இப்ப சொல்லுங்க" என்றார் சேர், "இந்தக் கோயில்ல யார் இல்ல?"

"செருப்பு!" என்றது ஒரு பிள்ளை. "பிரெஞ்சுக்காரர்!" என்றது இன்னொன்று. மண்டபம் சிரித்தது. சேரும் சிரித்தார். பிறகு ரேப்பைத் தாண்டி, கோட்டுகள் தொங்கிய மூலைக்கு நடந்துபோய் வெறும் தரையைக் காட்டினார்.

"இங்க நிறுத்தப்பட்டவங்க. உள்ளே விடப்படாதவங்க. இந்த ஹால்ல அப்படி யாராவது இருந்தா, தலை நிமிர்ந்து வந்து இங்க நிக்கலாம்."

கேள்வி கேட்டபின் வாத்தியார் வாய் திறக்கக்கூடாது, காத்திருக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. காத்திருந்தார். வேண்டுமென்று பார்த்தாரோ தெரியாமல் பார்த்தாரோ, அவருடைய கண் என்மேல் நின்றது. நான் என் சப்பாத்தைப் பார்த்தேன்.

பரமேஸ் அக்காதான் முதலில் வாய் திறந்தாள். "சேர், குறை நினையாதேங்கோ. எங்கட பக்கத்தில உப்பிடி ஒண்டும் இருக்கேல்லை."

"ஓம், ஓம்" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "எல்லாரும் ஒண்டாத்தான் நிண்டனாங்கள். உது இந்தியாவில நடக்கிறது, சேர்."

"தேத்தண்ணி ஆறுது, சேர்!" என்றார் இன்னொருவர். சிரிப்பு. கதிரைகள் அசைந்தன.

சேரின் முகம் விழுந்துவிட்டது. பாடம் நடுவில் நிற்பதை அவரால் தாங்க முடியாது. சுற்றிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சுபா அப்பா, நீங்க சொல்லுங்க."

மண்டபத்தில் இருந்த எல்லாத் தலையும் முதலில் என்னிடம் திரும்பியது. பிறகு, ஒன்றாக, மூலஸ்தானத்தில் நின்ற சுபாவிடம் திரும்பியது. தான் அவள் பெயரைச் சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது. சாகும்வரை தெரிந்திருக்காது.

மனைவி என் கையைப் பிடித்தாள். "இல்லை எண்டு சொல்லுங்கோ." சொல்லலாம். இல்லை சேர், நாங்களும் உள்ளுக்குத்தான் நிண்டனாங்கள் என்று சொன்னால் பரமேஸ் அக்காவும் அன்றைக்கு மறுத்திருக்கமாட்டாள். அப்படி ஒன்றும் இருக்கவில்லை என்று இப்போதுதானே சொன்னாள். எனக்கு வேண்டியது கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. ஆனால் அந்த மனிதர் 'எல்லாரும் ஒண்டாத்தான் நிண்டனாங்கள்' என்று சொன்னபோது சுபா தீபத்தைப் பிடித்துக்கொண்டு தலையாட்டியதைக் கண்டிருந்தேன். நம்பித் தலையாட்டினாள். அந்த 'எல்லாரும்' என்ற சொல்லுக்குள் என் அப்பா இல்லை, அம்மா இல்லை, வேப்பமரத்தடியில் நின்று கழுத்தை நீட்டி நீட்டி விளக்கைப் பார்த்த ஒருவரும் இல்லை. அவர்களை இல்லையென்று என் மகளும் தலையாட்டுகிறாள்.

எழுந்தேன். ஏதோ சொன்னேன். எனக்கே கேட்கவில்லை.

"சத்தமா சொல்லுங்க" என்றார் சேர்.

"நாங்கள் வெளியில நிண்டனாங்கள்."

கோட்டுகள் தொங்கிய மூலைக்குப் போகவில்லை. என் கதிரைக்கு முன்னாலேயே நின்றேன். பரமேஸ் அக்கா கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் திரும்பி வந்துவிட்டது. "ரொம்ப நன்றி" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, மூன்று விரல் நீட்டி, முடிவைச் சொல்லத் தொடங்கினார். நேரத்துக்குள் முடித்தார்.

அதன்பிறகு எல்லாரும் என்னோடு மிகவும் மரியாதையாகக் கதைத்தார்கள். ஒருவர் எனக்கு வடையைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். அதற்கு முன் ஒருநாளும் அப்படித் தந்ததில்லை. இனி எப்படி இருக்கப்போகிறது என்பது அந்த வடையிலேயே தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் சுபா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கோட்-வெர்ச்சு நெருங்கும்போது கேட்டாள்.

"சேருக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

"ஆர் சொன்னது?"

"நான்தான்."

"எனக்கு முதல் சேருக்கோ?"

அவள் அழுதிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். அழவில்லை. கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாங்கள் எங்கே நின்றோம் என்பது அவளைச் சுட்டதாக எனக்குத் தெரியவில்லை. அதை முதலில் யாரிடம் சொன்னேன் என்பதுதான் சுட்டது. அந்தக் கிழமை வீட்டில் எது கேட்டாலும் பிரெஞ்சிலேயே பதில் சொன்னாள். "வீட்டுக்குள்ள ஒரு அரசாங்கக் கந்தோர் வந்திட்டுது" என்று தாய் புறுபுறுத்தாள்; இங்கே அரசாங்க அலுவலகங்களில் பிரெஞ்சுதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுபாவுக்குச் சொல்லாமலே விட நினைத்த ஒன்று அது. சொல்லத்தான் வேண்டுமென்றால், சொல்லவேண்டிய வாய் என்னுடையது, கேட்கவேண்டிய காது அவளுடையது. நடுவில் ஒரு மனிதர் பென்சிலோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை சுபா வகுப்புக்குப் போகவில்லை. ஞாயிறு காலை ரெலிபோன் அடித்தது.

"சுபா அப்பா! பாடம் பிரமாதமா வந்துச்சு. இத என் ஸ்கூல்லயே பண்ணப்போறேன், வெள்ளைக்காரப் பசங்களுக்கு. நீங்க வந்து நிக்கணும். இந்த தடவை அந்த மூலைக்கே போய் நின்னீங்கன்னா இன்னும் நல்லா இருக்கும்."

படித்தவர் ஒருவர் கேட்டால் என் வாய் தானாக 'ஓம், சேர்' என்று சொல்லப் பழகியது. அதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். சுபா பக்கத்தில் நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. ரிசீவரை என் கையிலிருந்து வாங்கினாள்.

"சேர், அப்பா வரமாட்டார். நானும் இனி வரமாட்டன்." அவர் ஏதோ காரணம் கேட்டார்போல. "காரணம் இல்லை, சேர்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

குசினி மேசையில் எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"இப்ப எனக்குச் சொல்லுங்கோ. சேருக்குச் சொன்னது வேண்டாம். சேர் கேக்காததைச் சொல்லுங்கோ."

யோசித்தேன். சேர் அவ்வளவு கேட்டார். அங்கே நின்று நான் என்ன செய்தேன் என்று மட்டும் கேட்கவில்லை.

"கச்சான்கடலைக் கடை, காப்புக்கடை, ஐஸ்பழக்காரன் எல்லாம் நாங்கள் நிண்ட பக்கத்திலதான்" என்றேன். "உள்ளுக்கு நிக்கிற பிள்ளையள் பூசை முடியுமட்டும் வேர்க்க வேர்க்க நிக்கவேணும். பாவங்கள், அதுகளுக்கு ஐஸ்பழம் இல்லை, வெளியில விடீனமில்லை எண்டு சின்னனில நான் நினைச்சனான்."

சுபா என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தக் கிழமையில் அதுதான் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன். தாய் அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப எப்ப அப்பா தெரிஞ்சது, அது அப்பிடியில்லை எண்டு?"

அதையும் சொன்னேன். முழுதாகச் சொன்னேன். அது அவளுக்குச் சொன்னது. இங்கே எழுதமாட்டேன்.